பாலில் கரைத்த மாத்திரை

முத்துலிங்கத்துக்கு மூச்சைத் திருப்பிக் கொடுத்தது யார் என்பதில் அந்த வீட்டில் இரண்டு கட்சி. காமன் சாமி கொடுத்தது என்பான் முத்துலிங்கம். டவுன் ஆஸ்பத்திரி கிளினிக்கில் மாதா மாதம் தருகிற சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தது என்பது அவன் பெண்டாட்டி நாகலெட்சுமியின் எண்ணம். அவள் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. சாமியை எதிர்த்து வழக்குப் பேசிவிட்டு அப்புறம் யாரிடம் போய் நிற்பது?

இலங்கை மலைநாட்டில், வட்டகொடைக்கு மேலே மேமலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில் அவர்கள் குடியிருப்பு. தோட்டத்து ஆட்கள் ஸ்டோரு என்று சொல்கிற தேயிலைத் தொழிற்சாலையில் அவனுக்குத் தூள் சலிக்கிற வேலை. சலித்த தூள் கப்பல் ஏறிப் போனது. பறந்த தூள் அவன் நெஞ்சுக்குள் போனது. நாற்பது வயதாவதற்குள் இழுப்பு வந்துவிட்டது. ஸ்டோருக்கும் லயத்துக்கும் நடுவே உள்ள படிகளை ஒரே மூச்சில் ஏற மாட்டான். உட்கார்ந்து உட்கார்ந்துதான் வருவான். ஒரு மழைக்காலம் முழுக்கப் படுக்க முடியாமல், மாவு மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கினான். அந்தச் சமயத்தில்தான், மூச்சு வந்தால் ஒரு வருசம் மதன் வேசம் கட்டுகிறேன் என்று காமனுக்கு நேர்ந்துகொண்டான். கிளினிக்கில் புது மாத்திரை கொடுத்ததும் அதே வாரம்தான். மூச்சு வந்தது. இரண்டு கட்சிக்கும் சாட்சி ஒன்றுதான்.

மூச்சோடு சதையும் வந்தது. முகம் உப்பி வட்டமாகிப் போனது. ஸ்டோரில் தேயிலை காய வைக்கிறார்களா நெய் உருக்குகிறார்களா என்று பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கிற பெண்கள் நாகலெட்சுமியைக் கேலி செய்தார்கள். அவளும் சிரித்தாள். புருசன் படுத்துத் தூங்குகிறான் என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

ஆனால் கிளினிக்கில் மிஸ்ஸி சொன்ன ஒரு வார்த்தை மட்டும் அவளை விடவே இல்லை. டாக்டர் சிங்களத்தில் சொன்னதை அந்தத் தாதி தமிழில் மெதுவாகச் சொன்னாள். "இது ஹோமோன் மருந்தும்மா. நம்ம உடம்பே தன்னால சுரக்குற சாமான். வருசக் கணக்கா வெளிய இருந்து குடுத்ததால உள்ள இருக்குறது வேலைய விட்டுருச்சு. இவரா திடீர்னு நிப்பாட்டுனா ஆளு விழுந்துருவாரு. எழுப்ப முடியாமப் போயிரும்." நாகலெட்சுமி அன்றிலிருந்து அவன் மாத்திரை போடுவதை ஒரு நாளும் பார்க்காமல் விட்டதில்லை. விடிகாலையில் ரொட்டியைத் தின்றுவிட்டு, மாத்திரையை வாயில் போட்டு, தேத்தண்ணியைக் குடிப்பான். அவன் தொண்டை ஏறி இறங்கிய பிறகுதான் அவள் மலைக்குப் போகக் கொழுந்துக் கூடையை எடுப்பாள்.

வருசா வருசம் தள்ளிப்போட்ட நேர்த்திக்கடன் இந்த மாசியில் தவணை கேட்டது. அமாவாசை கழிந்து பிறை தெரிகிற அன்று, லயத்துக்குக் கீழே காமன் பொட்டலில் கம்பம் நடுவார்கள். அன்றிலிருந்து கூத்து நடக்கும். தவத்தைக் கலைத்த மதனைச் சிவன் எரிப்பதும், ரதி தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு அழுவதும், பிறகு மதனை எழுப்புவதும்தான் கதை. மதனாக நிற்கிறவன் கையில் காப்புக் கட்டி, கோயிலை ஒட்டிய சின்ன மடத்தில் தங்கி, கவிச்சி படாமல், ஒரு வேளைச் சோற்றோடு விரதம் இருக்க வேண்டும். அவன் தவறினால் அது அவனோடு போகாது, தோட்டத்தையே பிடிக்கும் என்று ஒரு பயம் எல்லோருக்கும் உண்டு.

முத்துலிங்கம் எதையும் சுத்தமாகச் செய்கிறவன். காப்புக் கட்டுவதற்கு முந்தின நாள் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போய், விரதத்தில் மாத்திரை போடலாமா என்று கேட்டான். அங்கே மருந்து கொடுக்கிற அந்தோனிமுத்து ஐயா நல்ல மனுசர்தான். ஆனால் யாராவது ஒன்று கேட்டால் ஒன்பது சொல்கிற குணம். தாராளமாகப் போடு என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். இந்த ஹோமோனை முதன்முதலில் எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா என்று ஆரம்பித்து, அந்தக் காலத்தில் மாட்டின் கிட்னிக்கு மேலே இருக்கிற சுரப்பியிலிருந்து எடுத்தார்கள் என்று விளக்கினார். இப்போது அப்படி இல்லை, கம்பனியில் செய்கிறார்கள் என்றும் சொன்னார். முத்துலிங்கம் மாட்டோடு காதை மூடிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து காகித உறையோடு மாத்திரைகளை எடுத்து நாகலெட்சுமி முன்னால் வைத்தான்.

"இத எங்கயாவது கண்ணுல படாம வையி. அதுல மாடு இருக்காம்."

"யாருங்க சொன்னா?"

"டிஸ்பென்சரி ஐயாவே சொன்னாரு. மாட்டு ஈரல் கணக்கா ஏதோ ஒண்ணுல இருந்து எடுக்குறதாம். இத்தன வருசமா அதத்தான் தின்னுருக்கேன். சாமி பொறுத்துக்கிச்சு. காப்புக் கட்டுன பொறகு பொறுக்காது."

"பாலும் மாட்டுலதானங்க வருது. கம்பத்துல கட்டுற வரட்டியும் மாட்டுலதான் வருது."

"பாலு வேற, ஈரல் வேற. ஒனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியும். அதனால் அந்த வழக்கை விட்டுவிட்டு, மிஸ்ஸி சொன்னதை நினைவுபடுத்தினாள். மூச்சைக் கொடுத்த சாமிக்கு அதைக் காப்பாற்றத் தெரியாதா என்று கேட்டுவிட்டு அவன் குளிக்கப் போய்விட்டான். கொழும்பில் கடையில் வேலை செய்கிற மகள் தனுஜாவுக்கு நாகலெட்சுமி போன் எடுத்தாள். நிப்பாட்டவே கூடாதாம் அம்மா, இங்கே போனில் போட்டிருக்கிறது என்று அவள் அந்தப் பக்கம் அழுதாள். அப்பாவிடம் கொடுக்கச் சொன்னாள். முத்துலிங்கமோ, காப்புக் கட்டப் போகிறவன் போனில் பேசக்கூடாது என்று புதிதாக ஒரு சட்டம் போட்டான்.

மறுநாள் அந்தோனிமுத்து ஐயாவே மலையேறி மடத்துக்கு வந்தார். தன் வாய் செய்த வேலை அவருக்கு அதற்குள் தெரிந்திருந்தது. இப்போது ஏதோ கிழங்கிலிருந்தும் சோயாவிலிருந்தும் எடுத்துச் செயற்கையாகச் செய்கிற மருந்து இது, இதில் மாட்டு மயிர்கூடக் கிடையாது என்று தலையில் அடித்துச் சொன்னார். முத்துலிங்கம் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகக் கேட்டான். "நேத்து மாடுன்னீங்க, இன்னைக்குக் கெழங்குங்குறீங்க. நாளைக்கு என்னா சொல்வீங்களோ ஐயா" என்றான். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர் ஒருவர் காமன் விரதத்தில் இதற்கு மேல் வாய் வைத்தால் வேறு பேச்சு வரும். ஐயா நாகலெட்சுமியைத் தனியே கூப்பிட்டு, எப்படியாவது உள்ளே போக வை என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

முதல் இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. பார்த்தாயா என்று கேட்கிற மாதிரி அவன் சிரித்தான். அதற்கடுத்த நாள் காலையில் நாகலெட்சுமி வழக்கம்போலப் பாலும் ஒரு வேளைச் சோறும் கொண்டுபோனபோது மடத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். உதடு வெளுத்திருந்தது. சோற்றில் உப்பு அள்ளிப் போடச் சொன்னான். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கேட்டான். பக்கத்தில் ரதி வேசக்காரன் ஜீவராஜ் ஒப்பாரிப் பாட்டைத் தனக்குள் பாடிப் பழகிக்கொண்டிருந்தான். ஆம்பளைக் குரலில் மெல்ல வந்த அந்த அழுகை நாகலெட்சுமிக்குத் தன் வாயிலிருந்தே வருகிற மாதிரி இருந்தது. அவள் செம்பை வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள்.

அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தாள். உறையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தாள். அப்படி ஒரு கசப்பு. காறித் துப்பினாலும் தொண்டையை விட்டுப் போகவில்லை. இதை இத்தனை வருசமும் ஒரு முகச்சுளிப்பு இல்லாமல் விழுங்கியிருக்கிறானே என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் விடியுமுன் தலைக்குக் குளித்து, ஈரத் துணியோடு அடுப்பு மூட்டினாள். பாலைக் காய்ச்சி, சுக்குத் தட்டிப் போட்டு, கித்துள் கருப்பட்டியைத் தாராளமாகக் கரைத்தாள். அவன் வழக்கமாகப் போடுகிற அளவு மாத்திரையைக் கரண்டிக் காம்பால் நசுக்கினாள். சாமி படம் இருக்கிற பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டுதான் பாலில் போட்டாள். கொஞ்சம் தூள் அடுப்புத் திட்டில் சிந்தியது. அதையும் விரலால் ஒற்றி எடுத்துப் போட்டாள்.

மடத்தில் அவன் செம்பை வாங்கி அண்ணாந்து குடித்தான். பாதியில் நிறுத்தினான். அவன் அவளை ஒரு பார்வை பார்த்தான். கண்ணை மூடினான். மிச்சத்தையும் குடித்து முடித்து, "சுக்கு கூட" என்று சொல்லிச் செம்பைக் கொடுத்தான். சாமியை நினைத்துக் கண்ணை மூடியிருப்பான் என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

இரண்டொரு நாளில் ஆள் தேறிவிட்டான். கூத்துக்கு நின்றான், ஆடினான். கரும்பு வில்லைப் பிடித்துக்கொண்டு அவன் பொட்டலைச் சுற்றி வந்தபோது பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நாகலெட்சுமியும் போட்டுக்கொண்டாள். ஆனால் அவளுக்கு நிம்மதி இல்லை. கும்பிடுகிற கையால்தானே கலக்குகிறோம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. தினமும் குளித்தாள், தினமும் மன்னிப்புக் கேட்டாள், தினமும் கலக்கினாள். தோட்டத்தில் யாருக்காவது காய்ச்சல் என்றால்கூடத் தன்னால்தானோ என்று பயந்தாள். கூத்து முடிகிற பௌர்ணமி வரைக்கும் ஓட்டிவிட்டால் போதும், அப்புறம் எந்தத் தண்டனை வந்தாலும் தன் தலையில் வரட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

மாசிப் பனியில் கொழுந்து கருகிக் கிடந்த நேரம் அது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பேர் கொடுத்து, கங்காணி காட்டிய மேட்டு மலைக்குப் போனார்கள். பறிக்கக் கொழுந்து குறைவு, எடுக்கச் சொன்ன கிலோ மட்டும் குறையவில்லை. ஆளுக்கொரு நெரை பிடித்துக் கருகாத துளிராகத் தேடிப் பறித்துக்கொண்டு போனார்கள். பக்கத்து நெரையில் சர்மிளா. கலியாணமாகி அந்தத் தோட்டத்துக்கு வந்து ஒரு வருசம்கூட ஆகாத பிள்ளை. மதன் பொண்டாட்டி என்று நாகலெட்சுமியைச் சீண்டிக்கொண்டே வந்தாள். சவுக்கு மரத்தடிக்கு வந்தபோது நாகலெட்சுமியின் கை ஒரு செடிக்குள் போனது. எங்கோ அடியில் உர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. அதற்குள் குளவி கிளம்பிவிட்டது.

இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையை மூடிக்கொண்டு எல்லோரும் சரிவில் உருண்டு ஓடினார்கள். நாகலெட்சுமிக்குக் கன்னத்திலும் கழுத்திலும் கொட்டியது. சர்மிளாவுக்கு முகம் முழுக்கக் கொட்டி, கண் தெரியாமல் தண்ணீர் வடிகிற கானுக்குள் விழுந்தாள். லொறியில் போட்டு டவுனுக்குக் கொண்டுபோனார்கள். மற்றவர்களுக்கு அந்தோனிமுத்து ஐயா ஊசி போட்டார். குளவி கொட்டுவது தோட்டத்தில் புதிதில்லை. வருசத்துக்கு எத்தனையோ தடவை நடக்கிறது. கம்பம் நட்டிருக்கிற காலத்தில் இப்படி ஆனதே, யார் என்ன குத்தம் செய்தார்களோ என்று டிஸ்பென்சரி வாசலில் ஒரு பெண் சாதாரணமாகச் சொன்னாள். நாகலெட்சுமி வீங்கிய கன்னத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். தன் கைதானே கூட்டைத் தொட்டது. பாலைக் கலக்கிய அதே கை.

மறுநாள் காலையில் பாலில் வெறும் சுக்கும் கருப்பட்டியும் மட்டும் போட்டாள். சர்மிளா பிழைத்து வந்தால் போதும், இனிமேல் செய்ய மாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருந்தாள். முத்துலிங்கம் வீக்கத்தைப் பார்த்து என்னவென்று கேட்டான். குளவி என்றாள். அவன் பாலைக் குடித்தான். குடித்து முடித்துச் செம்பின் அடியைச் சாய்த்துப் பார்த்தான். ஏதோ கேட்கப் போகிற மாதிரி இருந்தது, கேட்கவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாள் உப்புக் கேட்டான். அவள் உப்பை அள்ளிப் போட்டாள். சர்மிளாவின் ஒரு கண் திறந்துவிட்டது, இன்னொன்று திறக்கவில்லை என்று அன்று காலையில்தான் செய்தி வந்திருந்தது. அந்தக் கண்ணுக்கும் இந்த உயிருக்கும் நடுவில் அவள் நின்றாள். இரண்டையும் ஒரே சாமியிடம்தான் கேட்க வேண்டியிருந்தது.

அன்று பொழுது சாய்கிற நேரத்தில் வேசம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மலையிலிருந்து வந்த நாகலெட்சுமி கூடையைக்கூட இறக்காமல் நேரே மடத்துக்குப் போனாள். ஜீவராஜ் பாதி ரதியாக உட்கார்ந்து முத்துலிங்கத்தின் முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டிருந்தான். வேர்வையில் சாயம் நிற்காமல் வழிந்தது. அந்தக் குளிரில் இப்படி வேர்க்கிறதே என்று ஜீவராஜ் சிரித்துக்கொண்டே துடைத்தான். முத்துலிங்கம் வாசலுக்கு எழுந்து போய் வாந்தி எடுத்தான். திரும்பி நாகலெட்சுமியைப் பார்த்தான். அப்படியே கால் மடங்கி உட்கார்ந்து பக்கவாட்டில் சாய்ந்தான்.

வெளியே தப்பு மேளச் சத்தம் நின்றது. விரதக் களைப்பு என்றார்கள். சாமி வந்திருக்கிறது, தொடாதே என்றார்கள். எலுமிச்சம்பழம் தேடினார்கள். நாகலெட்சுமி கூடையைத் தூக்கி எறிந்துவிட்டு அவன் தலையை மடியில் எடுத்தாள். உடம்பு சில்லென்று இருந்தது.

"சாமி வரல" என்றாள் அவள். "மாத்திர போடல. மாத்திர போடாட்டி இவரு செத்துப் போவாரு. நான்தான் பால்ல கலக்கிக் குடுத்துக்கிட்டு இருந்தேன். நான்தான் நிப்பாட்டிட்டேன். என்னைய என்னா வேணும்னாலும் செய்யுங்க, மொதல்ல அம்புலன்சுக்கு அடிங்க."

ஜீவராஜ்தான் ரதியின் சேலைக்குள் கையை விட்டுப் போனை எடுத்தான். அம்புலன்ஸ் பெரிய ரோட்டைத் தாண்டி மேலே வராது. கம்பளியில் கிடத்தி நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஜீவராஜ் ஒரு முனையைப் பிடித்திருந்தான். மாத்திரை விசயத்தை நாகலெட்சுமி தனக்குத் தெரிந்த சிங்களத்தில் அம்புலன்ஸ்காரனுக்கும், ஆஸ்பத்திரியில் டாக்டருக்கும், கேட்ட ஒவ்வொருவருக்கும் சொன்னாள். மாத்திரை உள்ளே போகிற நிலைமையில் அவன் இல்லை. நரம்பில் ஊசி ஏற்றி, சேலைன் போட்டார்கள். டாக்டர் நெடுநேரம் ஏசினார். மிஸ்ஸி அதில் பாதியைத்தான் தமிழில் சொன்னாள். சொல்லாத பாதியை நாகலெட்சுமி அவள் முகத்தில் தெரிந்துகொண்டாள்.

வார்டு வாசலில் உட்கார்ந்தே விடிந்தது. காலையில் பார்க்க விட்டார்கள். காதோரத்தில் இன்னும் அரிதாரம் ஒட்டியிருந்தது. காப்பை யாரும் அவிழ்க்கவில்லை. அவன் கண்ணைத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கூத்தை நிறுத்தவில்லை, அவன் தம்பி திலக்ஷனுக்குக் காப்பு மாற்றிக் கட்டப் போகிறார்கள் என்று அவள் சொன்னாள். சர்மிளாவின் மற்றக் கண்ணும் திறந்துவிட்டது என்று சொன்னாள். அவன் அதையெல்லாம் கேட்ட மாதிரித் தெரியவில்லை.

"ஏன் நாகு நிப்பாட்டுன?" என்றான்.

"என்னாத்த?"

"பால்ல போட்டத."

அவளுக்குத் திக்கென்றது. அவன் விழுந்த பிறகுதானே அவள் அதைச் சொன்னாள். "யாரு சொன்னா ஒங்களுக்கு?"

"யாரு சொல்லணும்? வருசக் கணக்கா இந்த நாக்குல வச்ச மாத்திர. அந்தக் கசப்பு எனக்குத் தெரியாதா? மொத நாளே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சா குடிச்சீங்க?"

"பயமா இருந்துச்சு நாகு. மருந்து இல்லாம இருந்த நாள்ல காலு எங்க இருக்குன்னே தெரியல. நானா எடுத்துப் போட்டா வெரதம் முறிஞ்சுரும். நீ தெரியாமக் குடுத்தா, எனக்குத் தெரியாதுன்னு சாமி எடுத்துக்கும்னு நெனச்சேன். பொறகு பாலு கசக்கல. நாளைக்குப் போடுவா, நாளைக்குப் போடுவான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஒன்னையக் கேக்க முடியல. கேட்டா எனக்குத் தெரியும்னு ஆயிருமே."

நாகலெட்சுமி கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டாள். ஈரத் துணியோடு நின்றதும், சாமிக்கு முதுகைக் காட்டியதும், குளவிக் கூட்டைத் தொட்ட கையைப் பார்த்துப் பார்த்து நடுங்கியதும் அவளுக்குள் ஒன்றாக எழுந்து வந்தன. தனியாகப் பயந்துகொண்டிருந்தோம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இந்த மனுசன் பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் பயத்தில் பங்கு வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"அப்ப சாமி யாரக் கேக்கும்?"

அவன் கையில் கட்டியிருந்த காப்பைத் திருகினான்.

"சொல்லுங்க. என்னையத்தான கேக்கும்?"

அவன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவளுக்கு அவனை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அந்த அரிதாரத்தைத் துடைத்துவிட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் நின்றாள்.

மிஸ்ஸி மருந்துத் தட்டோடு வந்தாள். இனி வாயால் குடுக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மாத்திரைகளை நாகலெட்சுமியின் உள்ளங்கையில் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். முத்துலிங்கம் மெல்லத் திரும்பி, குழந்தை மாதிரி வாயைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டான்.

நாகலெட்சுமி மாத்திரைகளைப் பார்த்தாள். பிறகு காப்புக் கட்டியிருந்த அவன் கையை இழுத்து, விரல்களை விரித்து, அதில் அவற்றை வைத்தாள்.

"கண்ணத் தொறங்க. நீங்களே போடுங்க" என்றாள். "நான் தண்ணி தாறேன்."